சும்மா உக்காருங்கம்மா

இல்லம்மா, நேத்து நீ பார்த்தது நான் இல்ல. நேத்து ஏழரை மணிக்கு மருமக கால்ல கொதிக்கிற ரசத்தை ஊத்தினவ வேற ஒருத்தி. நான் அந்த சீரியலை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. 'இனி திலகவதியாக இவர்'னு கீழ எழுத்து ஓடுச்சே, பார்க்கலியா? யாரு பார்க்கறா! அதே கொண்டை, அதே பெரிய பொட்டு, அதே அரக்குப் பட்டு. உள்ள யாரு இருந்தா உங்களுக்கென்ன? உன்னைச் சொல்லலம்மா, கோவிச்சுக்காத. எல்லாரையும் சொல்றேன். இன்னிக்குக் காலையில காய்க்கடையில ஒரு கிழவி என்னைப் பிடிச்சுக்கிட்டா. "ரசத்தை ஊத்துறியே, நீ நல்லா இருப்பியா?"ன்னு கேட்டா. நான் ஊத்தலடி ஆத்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. ஊத்தினவளுக்கு சம்பளம், ஊத்தாதவளுக்கு சாபம்.

போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம், உக்காரு. உன் மாமியாருக்குக் காட்டணுமா? காட்டு, காட்டு. நான் திண்டுக்கல்ல இறங்கணும். ரயிலு இன்னும் விழுப்புரமே வரல.

என் பேரு மரகதவல்லி. பேரு கேட்டிருக்கியா? இல்லைல்ல? வெளிநாட்டுல ஒரு திரைப்பட விழாவுல எனக்கு சிறந்த நடிகைன்னு பரிசு குடுத்தாங்க. எல்லா தேசத்துக்காரிகளும் போட்டியில இருந்தாங்க. கடைசியில சாலிகிராமத்து மரகதவல்லிக்குக் குடுத்தான். இதுவும் கேள்விப்படலியா? பரவால்ல. பேப்பர்ல வந்துச்சு, உள்பக்கத்துல, தங்கம் விலைக்குக் கீழ.

எல்லாம் அந்த முகிலரசன் பண்ணின வேலை. டைரக்டர். என் பொழைப்பைக் கெடுத்தவன்.

என் வீட்டுக்கு வந்தப்ப ஒல்லியா, தாடியும் துணிப்பையுமா நின்னான். நன்கொடை கேட்க வந்த பையன்னு நெனச்சேன். "அம்மா, எங்க அம்மா உங்களைப் பார்த்தா டிவி மேல செருப்பை எறிவாங்க. அவ்வளவு பவர் உங்களுக்கு"ன்னான். அதுலதாம்மா விழுந்தேன். இருக்காதா பின்னே? மேக்கப் போட ஆரம்பிச்ச நாள்லேருந்து அக்கா, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி, கடைசியா மாமியார். ஒருத்தனும் பவர்னு சொன்னதில்ல. "கதாநாயகி நீங்கதாம்மா"ன்னான். இந்த வயசுல கதாநாயகி! சீரியல் மேனேஜரைக் கெஞ்சிக் கூத்தாடி நடுநடுவுல தேதி வாங்கிப் போனேன்.

கதை என்னன்னா, ஒரு அம்மா. அவ மகன் வேலை செய்யற இடத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான். உள்ள விட மாட்டேங்குறாங்க. அவ வாசல் பெஞ்சுல உக்காந்திருக்கா. சரி, அப்புறம்? அப்புறமும் உக்காந்திருக்கா. முடிவு என்ன தம்பின்னேன். "எந்திரிச்சுப் போறாங்கம்மா"ன்னான்.

மூடிக் கிடந்த பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துல ஷூட்டிங். முத நாள் நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு "எம் புள்ளையைக் காட்டுங்கய்யா"ன்னு ஒரு கத்து கத்தினேன் பாரு, மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு. இவன் மெதுவா பக்கத்துல வந்து, "அம்மா, ரொம்ப நல்லாருந்துச்சு. இப்ப சும்மா உக்காருங்கம்மா"ன்னான். சும்மா உக்கார எதுக்குடா ஒரு நடிகை? ரோட்டுல போறவளைக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்க வேண்டியதுதானே? கேட்டேன், கேட்காம இருப்பேனா. சிரிச்சான். மறுநாள் வசனத்தை எடுத்தான். அதுக்கு மறுநாள் அழுகையை எடுத்தான். அப்புறம் பெருமூச்சு விடாதீங்க, தலையை ஆட்டாதீங்க. ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே வந்தான், கல்யாணம் முடிஞ்ச வீட்டுல தோரணத்தை அவுக்கற மாதிரி.

ஒரே ஒரு சீன் மிச்சம் வெச்சிருந்தான். பெரிய டாக்டர்கிட்ட அந்த அம்மா பேசறது. ரெண்டு பக்க வசனம். கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணினேன். ஒரே டேக். லைட் பிடிக்கிற ஆளுங்க கண்ணைத் தொடைச்சாங்கம்மா, சத்தியமா. எங்க அந்த சீன்? படத்துல இல்ல! வெட்டிட்டான். "படத்துக்குத் தேவைப்படலம்மா"ன்னான். எனக்குத் தேவைப்பட்டுச்சேடா!

கேளு, விஷயத்துக்கு வரேன்.

எனக்கு ஒரே பொண்ணு, சுபாஷிணி. திண்டுக்கல்ல குடுத்திருக்கேன். அவ அப்பா அவ பள்ளிக்கூடம் படிக்கறப்பவே போய்ச் சேர்ந்துட்டார். நான்தான் வளர்த்தேன். நல்ல பொண்ணு. ரொம்ப நல்ல பொண்ணு. அப்ப ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. புடவை எடுத்து, பலகாரத்துக்குச் சொல்லி, மேனேஜர்கிட்ட லீவு சொல்லி எல்லாம் முடிச்சுட்டேன்.

அந்த சமயம் பார்த்து சீரியல்ல என்ன வெச்சான்? திலகவதி மாசமா இருக்கற மருமகளுக்குப் பால்ல மருந்து கலந்து குடுக்கறா. நீ பார்த்தியா அதை? ஆமா, அது நான்தான். அது நானேதான். நல்லா இருந்துச்சுல்ல? ஒரு வாரம் இழுத்தாங்க அந்தப் பாலை.

சம்பந்தியம்மா தவறாம பார்ப்பாங்க. கரண்ட் போனாக்கூட செல்லுல பார்ப்பாங்க. அவ்வளவு பிரியம்.

ஷூட்டிங்ல பெஞ்சுல உக்காந்திருக்கேன். மத்தியானம். சாப்பாட்டு வண்டி வரலைன்னு எல்லாரும் அங்கங்க நிக்கறாங்க. மடியில போன் அதிருது. சுபா. "சொல்லுடி"ன்னேன். "அம்மா, நீ வளைகாப்புக்கு வர வேணாம்மா. தப்பா எடுத்துக்காத. அத்தைக்கு மனசு சங்கடமா இருக்காம். அந்தக் கையால வளையல் போட்டா நல்லா இருக்காதுன்னு சொந்தக்காரங்க பேசறாங்களாம். சித்தி வந்தாப் போதும், அம்மா ஸ்தானத்துல நின்னுக்கட்டும்"ங்கறா.

"சரிடி"ன்னேன். "நல்லபடியா நடக்கட்டும். சாப்பிட்டியா?"ன்னேன். "சாப்பிட்டேம்மா"ன்னா. வெச்சுட்டா.

அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். புகுந்த வீட்டுல இருக்கறவ. அவ என்ன பண்ணுவா? சம்பந்தியம்மாவையும் சொல்ல மாட்டேன், பழைய காலத்து மனுஷி, பேரப்புள்ளை நல்லா பொறக்கணும்னு நெனைக்கறாங்க. அதுல என்ன தப்பு? எனக்கு வருத்தமே இல்லம்மா. ஷூட்டிங் இருந்துச்சு, எப்படியும் போயிருக்க முடியாது. லீவு சொல்லியிருந்தேன்தான், இருந்தாலும்.

அப்படியே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. "கட்"னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா தூரத்துல தூணுக்குப் பின்னாடி கேமரா. "எதுக்குடா கட்டு? எப்படா ஆரம்பிச்சே?"ன்னேன். முகிலரசன் கண்ணு கலங்கி நிக்கறான். சாப்பாடு வந்துடுச்சுன்னு சொன்னாங்க, போய் சாப்பிட்டேன்.

அதுதாம்மா பரிசு வாங்குன காட்சி.

அந்த ஊரு பேரு என் வாயில நுழையாது. ஒரே குளிர். காலு தரையில படறதே தெரியல. எனக்குத் துணைக்கு ஒரு பொண்ணைப் போட்டிருந்தாங்க, யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பொண்ணு, அந்தக் குளிர் ஊர்லயே பொறந்தவ. நான் பேசறதை அவங்க பாஷையில சொல்றதுக்கு. தங்கமான பொண்ணு. தன் கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டா.

ஓட்டல்ல காலையில சாப்பிடப் போனா, தட்டு நிறைய ரொட்டியும் பச்சை இலையும். முழிச்சுக்கிட்டு நிக்கறேன். பக்கத்துல என் வயசுல ஒருத்தி, நம்ம நிறம், நம்ம உயரம். தட்டைப் பார்த்து அவளும் அதே முழி. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். பிலிப்பைன்ஸ்காரி. பேரு லூர்தெஸ். நம்ம லூர்து மேரிதான். அந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணு நடுவுல உக்காந்து அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திச் சொன்னா. லூர்து அவங்க ஊர் டிவியில என்ன பண்றாளாம் தெரியுமா? மாமியார்! மருமகளைக் கொடுமைப்படுத்தற மாமியார்! எனக்குத் தாங்கல. நான் எந்திரிச்சு அறையற மாதிரி கையை ஓங்கினேன். அவ உடனே கன்னத்தைத் திருப்பி விழற மாதிரி பண்ணினா, பளார்னு வாயாலயே சத்தம் குடுத்தா. அப்புறம் அவ ஓங்கினா, நான் விழுந்தேன். அந்த ஹால்ல இருந்த வெள்ளைக்காரங்க எல்லாம் கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க. நெஜமாவே அடிச்சுக்கறோம்னு நெனச்சுட்டாங்க. அம்மாடி, அப்படி சிரிச்சு எவ்வளவு நாளாச்சு எனக்கு!

அவளுக்கு இது புதுசு இல்ல. அவ பல ஊரு விழாவுக்குப் போயிட்டு வந்தவ. வீடு நெறைய கேடயமாம். "உங்க ஊர்ல உன்னைத் தெரியுமா?"ன்னு கேட்கச் சொன்னேன். "சோப்பு விளம்பரத்துல வருவேன், அதுல தெரியும்"னா. அப்புறம் காபியைக் கலக்கிக்கிட்டே ஒண்ணு சொன்னா. "இவங்களுக்கு நம்ம மூஞ்சி களைச்சுப் போயிருந்தாத்தான் பிடிக்கும். பார்த்து, நல்லாத் தூங்கிடாத." நான் அதையும் சிரிப்புன்னு நெனச்சு சிரிச்சேன். அவ சிரிக்கல.

படம் போட்டாங்க. அவ்வளவு பெரிய திரையில என் மூஞ்சியை நான் பார்த்ததில்ல. அந்தக் காட்சி வருது. என்ன இருக்கு அதுல? ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. வாய் லேசா தொறந்திருக்கு. ஒரு தடவை எச்சில் முழுங்கறா. புடவையை முட்டி மேல நேரா இழுத்து விட்டுக்கறா. அவ்வளவுதான். குளிக்கறப்ப கதவைத் தொறந்துட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. எந்திரிச்சு ஓடிடலாம்னா இந்தப் பக்கம் முகிலரசன், அந்தப் பக்கம் லூர்து. படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுத் தட்டறாங்க, தட்டறாங்க, நிறுத்தவே மாட்டேங்குறாங்க. லூர்து மட்டும் தட்டல. என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

வெளிய வந்ததும் முகிலரசன்கிட்ட சொன்னேன், "தம்பி, அது நான் நடிக்கல." அவன் சொல்றான், "அதனாலதாம்மா." என்ன அதனாலதான்?

பரிசு குடுக்கற அன்னிக்கு மேடையில மைக்கைக் குடுத்தாங்க. சரி, உண்மையைச் சொல்லிடுவோம், அடுத்தவங்க பரிசு நமக்கெதுக்குன்னு, "ஐயா, அம்மா, அது நடிப்பு இல்லீங்க. நான் சும்மாதான் உக்காந்திருந்தேன்"னு தமிழ்ல சொன்னேன். அந்தப் பொண்ணு அவங்க பாஷையில சொன்னா. உடனே முன்னைக்கு ரெண்டு பங்கா தட்டறாங்க! ஒருத்தன் விசிலே அடிச்சான். இறங்கி வந்து, "என்னடி சொன்னே?"ன்னு அவளைக் கேட்டேன். "நீங்கள் சொன்னதைத்தான் அம்மா அப்பிடியே சொன்னனான்"ங்கறா பாவம். அடக்கம்னு நெனச்சுட்டாங்க. உண்மையைச் சொன்னாலும் இப்படி ஒரு கஷ்டம்.

திரும்பி வந்தேன். சீரியல் மேனேஜருக்குப் போன் போட்டேன். "அம்மா, உங்க லெவலுக்கு இனிமே நாங்க கூப்பிடறது மரியாதையா இருக்காது"ன்னான். எனக்கு மரியாதை வேணாம்டா, திலகவதியைக் குடுடான்னேன். அதுக்குள்ள இன்னொருத்திக்கு கொண்டை கட்டியாச்சு. ஜனங்க ஏதாவது கேட்டாங்களான்னு கேட்டேன். வாய் தவறி உண்மையைச் சொல்லிட்டான்: "ஒருத்தரும் கேட்கலம்மா."

சரி, சினிமாக்காரங்க வருவாங்கன்னு பார்த்தேன். வந்தாங்க. எல்லாம் முகிலரசன் மாதிரியே தாடி, துணிப்பை. ஒருத்தன் கதையில அம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்கா. இன்னொருத்தன் கதையில ரேஷன் கடை வாசல்ல. ஒருத்தன் கொஞ்சம் மாத்தி கிணத்தடியில உக்கார வெச்சான். ஊர்ல இருக்கற வாசல் எல்லாம் உக்காந்தாச்சு. வசனம்? ஒரு வார்த்தை கிடையாது. "அம்மா, அந்தப் படத்துல குடுத்தீங்களே, அந்த லுக் குடுங்கம்மா." எங்கேருந்துடா குடுப்பேன்? வாயை லேசா தொறந்தேன். எச்சில் முழுங்கினேன். புடவையை இழுத்து விட்டுக்கிட்டேன். எல்லாம் சரியா செஞ்சேன். "இன்னொரு டேக் போலாம்மா, இன்னொரு டேக் போலாம்மா"ன்னு வெயில் சாயற வரைக்கும் எடுத்தான். வரல. மானிட்டரைப் பார்த்துக்கிட்டு அவனுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறானுங்க பாரு, அந்தப் பார்வை. இந்தப் பொம்பளைக்கு நடிக்கத் தெரியாதுன்னு இப்பத்தான் ஊருக்குத் தெரிய வருது. திலகவதியைக் கேளுடா, தெரியும்!

முகிலரசன் போன மாசம் வந்தான். அவன் நெலமையும் சொல்லிக்கற மாதிரி இல்ல. விழாவுல கழுத்துல மாட்டற அட்டை ஒரு பை நெறைய வெச்சிருக்கான், ஒவ்வொண்ணும் ஒரு தேசம். நம்ம ஊர்ல அவன் படத்துக்கு ஒரு தியேட்டர்ல காலைக் காட்சி, அதுவும் ஒரு வாரம் தாங்கல. அப்புறம்தான் செல்லுல பார்க்கற மாதிரி வந்துச்சு. அடுத்த படத்துக்கு வெளிநாட்டுல பணம் போடறவங்க, "அந்த அம்மா இருக்காங்களா?"ன்னு கேட்கறாங்களாம். நான் இருந்தாத்தான் படமாம்.

"வசனம் இருக்கா?"ன்னேன்.

"இல்லம்மா."

"அப்ப உக்காரணுமா?"

"இல்லம்மா. இதுல நடக்கறீங்க."

முன்னேற்றம்தான், என்ன? எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. அடக்கி வெச்சிருந்ததை எல்லாம் கொட்டினேன். "எனக்குத் தெரியாம என்னைப் படம் பிடிச்சே. திருட்டுத்தனமா பிடிச்சே. என் பொழைப்பைக் கெடுத்தே. இப்ப மறுபடி வாசல்ல வந்து நிக்கறியே"ன்னேன். அவன் பொறுமையா கேட்டுட்டு சொல்றான். "அம்மா, தெரியாமன்னு சொல்லாதீங்க. ஆரம்பிச்சது உங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா போன் பேசி முடிச்சதும் போனை எடுத்து முதுகுக்குப் பின்னாடி தள்ளி வெச்சீங்களே, ஏன்? கதையில வர்ற அந்த அம்மாகிட்ட அந்த மாதிரி போன் இருக்காது. ஃப்ரேம்ல தெரியக் கூடாதுன்னுதானே வெச்சீங்க? அப்புறம் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பினீங்க. நான் சொல்லவே இல்லையேம்மா."

என்ன பேச்சு பேசறான் பாரு! கை வேர்த்துச்சு, போனைத் தள்ளி வெச்சேன். கழுத்து வலிச்சுது, திருப்பினேன். இத்தனை வருஷம் லைட்டுக்கு முன்னாடி நின்ன உடம்பு, வெளிச்சம் இருக்கற பக்கம் தானாத் திரும்பும். அதுக்குப் பேரு நடிப்பா? பெத்த பொண்ணு வராதேன்னு சொல்லிட்டுப் போனை வெக்கறா, அந்த நேரத்துல எவளாவது வெளிச்சம் பார்ப்பாளா? நீயே சொல்லு. பார்ப்பாளா?

"கதவைச் சாத்திட்டுப் போ"ன்னுட்டேன். போயிட்டான். டீ கூட குடிக்கல. போட்டுத்தான் வெச்சிருந்தேன்.

என்ன ஸ்டேஷன் இது? திருச்சி தாண்டிடுச்சா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடும்மா.

திண்டுக்கல்லுக்கு எதுக்குப் போறேன்னா, பேரனுக்குக் காதுகுத்து. இன்னும் நேர்ல பார்க்கல அவனை. வீடியோவுலதான். குழந்தை பொறந்ததும் போகலாம்னா, தீட்டு கழியட்டும்னாங்க. அப்புறம் மாசம் நல்லா இல்லைன்னாங்க. நானும் சும்மாவா இருந்தேன், ஷூட்டிங் ஷூட்டிங்னு சுத்திக்கிட்டு இருந்தேன். வாசல் வாசலா.

இந்த வாரம் சுபாவே போன் பண்ணினா. அவளாப் பண்ணினா. புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே செல்லுல என் படத்தைப் பார்த்திருக்கா. குரல் ஒரு மாதிரி இருக்கு. "அம்மா, ஒரு சீன்ல சும்மா உக்காந்திருக்கியே, ஒண்ணுமே பண்ணாம. எனக்கு அழுகை தாங்கலம்மா. அத்தையும் பார்த்து அழுதாங்க. உங்கம்மாவைக் காதுகுத்துக்கு வரச் சொல்லுன்னு அவங்களேதான் சொன்னாங்க. எப்படிம்மா அப்படி நடிச்சே? யாரை நெனச்சுக்கிட்டே?"

கேட்டா பாரு அப்படி. யாரை நெனச்சுக்கிட்டேன்னு.

அவ்வளவு பெரிய மேடையில அத்தனை பேர் முன்னாடி உண்மையைச் சொன்னவதான் நான். இவகிட்ட வாய் வரல. ஒரு நொடி கூட யோசிக்கல. குரலைக் கொஞ்சம் இறக்கி, "உங்கப்பாவைத்தான்டி நெனச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில அவர் போன அன்னிக்கு வெளிய உக்காந்திருந்தேன்ல, அது ஞாபகம் வந்துச்சு"ன்னேன். உங்கப்பான்ற இடத்துல லேசா நிறுத்தினேன். எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்.

நம்பிட்டா. "அப்பாவை நெனச்சியாம்மா"ன்னு விசும்பறா அந்தப் பக்கம்.

நம்பிட்டாம்மா. கூடக் குறைய ஒரு வார்த்தை இல்ல. எழுதிக் குடுத்தவன் இல்ல, சொல்லிக் குடுத்தவன் இல்ல. அதுதாம்மா நடிப்பு. அதை எந்த ஊர்க்காரன் பார்த்தான்?